கரி எடுக்காத வேலை

எசன், டோர்ட்முண்ட், பொக்கும், கெல்சன்கிர்ஷன், ஹம். இந்தப் பெயர்கள் எமக்கு முதலில் அறிமுகமானது சுரங்க நகரங்களாக அல்ல. முகாமிலிருந்து மாற்றி அனுப்பப்படும் இடங்களாக, ஆள் தேவைப்படும் றெஸ்ரோறன்ற் குசினிகளாக, ஊரவர் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று தேடிப்போகும் விலாசங்களாகத்தான் இவற்றை அறிந்தோம். 2009இன் பின் ஜேர்மனியின் ரூர் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்த நாங்கள் நிலக்கரித் தொழிலின் கடைசி வருடங்களையே கண்டோம். 2018ம் ஆண்டு டிசம்பர் 21ந் திகதி, பொட்ரொப் நகரின் புறொஸ்பர்-ஹனியல் சுரங்கத்திலிருந்து கடைசிக் கரிக்கட்டியை மேலே கொண்டுவந்து நாட்டின் ஜனாதிபதி ஸ்ரைன்மையரின் கையிற் கொடுத்தார்கள். ஜேர்மனியில் ஆழச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி எடுப்பது அத்தோடு முடிந்தது.

ஆனால் அன்றைக்கு முடியாத வேலை ஒன்று இருந்தது. அது இன்றும் முடியவில்லை, இனியும் முடியப்போவதில்லை. கரி எடுப்பது நின்றபின்னும் நிற்க முடியாத அந்த வேலை எப்படித் தோன்றியது, அதற்கு எத்தனை உயிர்கள் விலையாகப் போயின என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

சுரங்கம் என்றதும் எமது கண்ணில் வருவது கரி படிந்த முகத்தோடு நிலத்தின் கீழ் வெட்டிக்கொண்டிருக்கும் மனிதன். அவன் அங்கே உயிரோடு நிற்பதற்கு வேறு பலர் வேலை செய்யவேண்டும். தண்ணீரை இறைப்பவர்கள், காற்றை உள்ளே தள்ளுபவர்கள், கூரைக்கு முட்டுக் கொடுப்பவர்கள், விளக்கைத் துடைத்துச் சோதிப்பவர்கள், ஆட்களை இறக்கும் கூண்டின் கம்பிவடத்தை நாள்தோறும் தடவிப் பார்ப்பவர்கள். இவர்கள் ஒருவரும் ஒரு கூடை கரிகூட மேலே அனுப்புவதில்லை. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இவர்கள் எல்லோரும் செலவுப் பக்கத்திலேயே எழுதப்படுவார்கள். கோப்பை கழுவும் எம்மவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. சமையற்காரரின் பெயர் சிலவேளை பத்திரிகையில் வரும். வடிகானைத் தோண்டுபவனின் பெயர் வராது. வடிகான் அடைத்த அன்றைக்குத்தான் அவன் எங்கே என்று தேடுவார்கள்.

சுரங்கத்தின் வரலாற்றிலும் அப்படித்தான் தேடினார்கள். பெரும்பாலும் பிந்தித்தான் தேடினார்கள்.

தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரக் குடும்பங்களிலிருந்து வந்த எங்களுக்கு இறைப்பு என்றால் என்னவென்று தெரியும். துலா மிதித்த காலத்தை அப்பு சொல்லக் கேட்டோம். எங்கள் காலத்தில் மண்ணெண்ணெய் மிசின். இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே வெங்காயப் பாத்திக்குப் போகும். சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீருக்குப் போக ஒரு பாத்தியும் இல்லை. வெளியே ஊற்றுவதற்காகவே அதை இறைக்கிறார்கள். இறைக்காவிட்டால் கீழே நிற்பவர்கள் மூழ்குவார்கள்.

ரூர் பிரதேசத்தில் கரி எடுக்கத் தொடங்கியவர்கள் ரூர் ஆற்றங்கரை மலைச்சரிவுகளில்தான் தொடங்கினார்கள். விற்றன் நகரப் பக்கத்தில் அந்தப் பழைய குடைவுகளின் வாய்களை இன்றும் காணலாம். சரிவில் குடைந்து போனால் தண்ணீர் தானாக வெளியே வடியும். கரி இருந்த படுகை கீழே கீழே போனபோது பள்ளத்தாக்கின் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் வடிய வழி இல்லாமற் போயிற்று. இங்கிலாந்திலும் இதே சிக்கல்தான். 1712இல் தோமஸ் நியூகொமன் அமைத்த நீராவி இயந்திரம் வண்டி இழுக்கவோ துணி நெய்யவோ செய்யப்பட்டதல்ல, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்கச் செய்யப்பட்டது. கைத்தொழிற் புரட்சி என்று பாடசாலையில் நாங்கள் மனப்பாடம் செய்ததன் தொடக்கத்தில் ஒரு இறைப்பு மிசின்தான் நிற்கிறது. ரூரில் 1800களின் ஆரம்பத்தில் பிரான்ஸ் டின்னெண்டால் என்ற தச்சர் சுரங்கங்களுக்கு அத்தகைய இயந்திரங்களைக் கட்டிக் கொடுத்தார். 1830களில் பிரான்ஸ் ஹனியல் என்ற தொழிலதிபர் எசன் பக்கத்தில் கரிப்படுகையை மூடிக்கிடந்த சுண்ணக்களி அடுக்கைத் துளைத்து இறங்கினார். பிறகு சுரங்கங்கள் வடக்கே வடக்கே நகர்ந்தன, ஆழமும் கூடியது. கடைசிக் காலத்தில் 1,000 மீற்றருக்கும் கீழே ஆட்கள் இறங்கினார்கள்.

தண்ணீரை வெல்ல ஒரு மிசின் வந்ததும் அது பாதுகாப்பை மட்டும் கொண்டுவரவில்லை. இன்னும் ஆழம் போகலாம் என்ற துணிச்சலையும் கொண்டுவந்தது. ஆழத்தில் வெப்பம் கூடுகிறது, மேலேயுள்ள பாறையின் பாரம் கூடுகிறது, கரிக்குள் அடைபட்ட வாயு கூடுகிறது. ஒன்றிலிருந்து காப்பாற்றிய மிசின் மற்ற மூன்றுக்கும் முன்னால் மனிதனைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்லி சுரங்கத்தில் 1862ம் ஆண்டு ஜனவரி 16ந் திகதி நடந்ததை இந்த வரலாற்றின் நடுவில் வைக்கவேண்டும். அங்கே தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து குழிக்குள் விழுந்தது. குழியின் சுவர்கள் இடிந்து வழி அடைபட்டது. அந்தச் சுரங்கத்துக்கு இருந்தது அந்த ஒரே குழிதான். ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும், காற்றுப் போவதும் வருவதும், தண்ணீர் இறைப்பதும் எல்லாம் அதன் வழியே. உள்ளே அகப்பட்ட ஆண்களும் சிறுவர்களுமாக 204 பேர் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்த மிசினே அவர்களின் வாசலை மூடியது. இரண்டாவது குழி வெட்டத் தெரியாத காலமல்ல அது. வெட்டினால் செலவு. அதே வருடம் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும் என்று சட்டம் செய்தது. அறிவு முன்பே இருந்தது, சட்டம் வர 204 பேர் சாகவேண்டியிருந்தது.

காற்றும் விளக்கும்

நிலக்கரியில் அடைபட்டிருக்கும் மெதேன் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் அது ஏறக்குறைய 5 வீதத்திலிருந்து 15 வீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். சுரங்கத்துக்கு வெளிச்சம் வேண்டும்; அந்த நாளில் வெளிச்சம் என்றால் சுவாலை. இங்கிலாந்தின் ஃபெலிங் சுரங்கத்தில் 1812இல் 92 பேர் வெடிப்பில் இறந்தபின் பலரும் இதற்கு வழி தேடினார்கள். 1815இல் ஹம்ப்ரி டேவி சுவாலையை நுண்ணிய கம்பிவலையால் சுற்றி மூடிய விளக்கைக் கொண்டுவந்தார். கம்பிவலை வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் உள்ளே எரியும் வாயு வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காது. விளக்கு வேறொன்றையும் செய்தது. சுவாலையின் மேல் நீல நிறத்தில் ஒரு தொப்பி எழும்பினால் வாயு இருக்கிறது என்று பொருள். அதன் உயரத்தைப் பார்த்தே எவ்வளவு வாயு என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். ஜேர்மனியில் 1880களில் கார்ல் வோல்ஃப் என்பவர் செய்த பென்சீன் விளக்கும் இந்த வழியில் வந்ததுதான்.

விளக்கு வந்தபின் வெடிப்புகள் நின்றனவா? இல்லை. முன்பு ஆபத்து என்று விட்டுவைத்திருந்த பகுதிகளுக்கும் விளக்கைக் கையில் கொடுத்து ஆட்களை இறக்கினார்கள். காற்றோட்டம் போதாத இடத்திலும், விளக்கு இருக்கிறதுதானே என்றார்கள்.

இதைப் படித்தபோது எமக்கு ஒரு குசினி நினைவுக்கு வந்தது. புகை இழுக்கும் மிசின் சரியில்லை என்று மாதக்கணக்காகச் சொன்னோம். கடைசியில் முதலாளி புதியது, பெரியது ஒன்று பூட்டினார். அதே கிழமை அதன் கீழ் இன்னொரு பொரியல் மிசினையும் கொண்டுவந்து வைத்தார். மிசின் நல்ல மிசின்தான். ஆனால் எங்கள் நெஞ்சுக்குள் போன புகை பழைய புகைதான். என்ன வாங்குவது என்பதையும் எவ்வளவு வேலை வாங்குவது என்பதையும் ஒரே ஆள் தீர்மானித்தால் இப்படித்தான் முடியும்.

கூரியேர், 1906

பிரான்சின் வடக்கே லென்ஸ் நகருக்கு அருகே கூரியேர் கம்பனியின் சுரங்கங்கள் ஒன்றோடொன்று நிலத்தின் கீழ் இணைந்திருந்தன. 1906ம் ஆண்டு மார்ச் 10ந் திகதி காலையில் அங்கு நடந்த வெடிப்பில் 1,099 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய சுரங்க விபத்து நடந்ததில்லை.

அதுவரை பொறியியலாளர்கள் பலர், மெதேன் இல்லாத சுரங்கத்தில் பெருவெடிப்பு நடக்காது என்று நம்பியிருந்தார்கள். கூரியேர் வாயு குறைந்த சுரங்கம். அதனால் அங்கே திறந்த சுவாலை விளக்குகளைக்கூட அனுமதித்திருந்தார்கள். கொன்றது கரித்தூசி. எங்கோ தொடங்கிய வெடிப்பு தரையிலும் சுவரிலும் படிந்திருந்த தூசியைக் கிளப்பியது. கிளம்பிய தூசி அடுத்த வெடிப்பின் எரிபொருளாயிற்று. இப்படியே அது சுரங்கம் விட்டுச் சுரங்கம் ஓடியது. அடுத்த வருடம் லியேவன் என்ற இடத்தில் பரிசோதனை நிலையம் அமைத்து, செயற்கைச் சுரங்கப்பாதையில் வெடிப்புகளை உண்டாக்கி ஆராய்ந்தார்கள். அங்கே வேலை செய்த ரஃபானெல் என்ற பொறியியலாளரின் பெயரில் ஒரு தடுப்பு முறை வந்தது. சுரங்கப் பாதையின் மேற்பகுதியில் பலகைகளை அடுக்கி, அவற்றில் எரியாத கற்தூளைக் குவித்து வைப்பார்கள். வெடிப்பின் காற்றலை பலகைகளைக் கவிழ்க்கும். கற்தூள் புகையாகக் கிளம்பிப் பின்னால் வரும் சுவாலையை அணைத்துவிடும். மிகவும் எளிய, மலிவான ஏற்பாடு.

ஆனால் கூரியேரில் அறிவு மட்டுமா குறைவாக இருந்தது? அங்கே செசில் என்ற கரிப்படுகையில் முன்பே தீப்பிடித்திருந்தது. பிரான்சில் 1890ம் ஆண்டுச் சட்டப்படி சுரங்கத் தொழிலாளர் தமது பாதுகாப்புப் பிரதிநிதியைத் தாமே தெரிவு செய்யலாம். அங்கிருந்த பிரதிநிதி பியேர் சிமோன். ரிக் என்று அழைப்பார்கள். தீ அணையும்வரை ஆட்களை இறக்கவேண்டாம் என்று அவர் கேட்டார். அவருக்குச் சுரங்கத்தைப் பார்வையிட உரிமை இருந்தது, எழுதி வைக்க உரிமை இருந்தது. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் இருக்கவில்லை. ஆட்கள் இறங்கினார்கள்.

விபத்து நடந்து மூன்றாம் நாளே உள்ளே உயிரோடு யாரும் இருக்க வாய்ப்பில்லை என்று தேடுதலை நிறுத்தி, தீயை அடக்குவதற்காகச் சுரங்கத்தை மூடும் வேலையில் இறங்கினார்கள். மார்ச் 30ந் திகதி, இருபது நாட்களின் பின், 13 பேர் இருளிலிருந்து தாமாக நடந்து வந்தார்கள். குதிரைகளுக்கு வைத்திருந்த தீனியையும் செத்த குதிரையின் இறைச்சியையும் தின்று உயிர்தப்பியிருந்தார்கள். சில நாட்களின் பின் இன்னும் ஒருவர் வந்தார். தேடுதலை நிறுத்தியபோது வேறு எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று கேட்காத வீடு அந்தப் பகுதியில் இருந்திருக்காது. கரிப்பிரதேசம் முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. உள்நாட்டு அமைச்சர் கிளெமன்சோ இராணுவத்தை அனுப்பினார். அந்தக் கொந்தளிப்பான வருடத்தில், யூலை 13ந் திகதி, பிரான்சில் கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு சட்டமாயிற்று. பாரிசின் குசினிகளில் எம்மவர் அனுபவிக்கும் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் இந்த வருடமும் இருக்கிறது.

இதில் இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். மொறொக்கோ விவகாரத்தால் பிரான்சும் ஜேர்மனியும் யுத்தத்தின் விளிம்பில் நின்ற நாட்கள் அவை. அப்போதும் ரூரிலிருந்து, ஹேர்ன நகரத்தின் ஷம்றொக் சுரங்கத்திலிருந்தும் கெல்சன்கிர்ஷனின் றைன்எல்ப சுரங்கத்திலிருந்தும், மீட்புப் படையினர் எல்லை தாண்டிப் போனார்கள். தலைமை தாங்கியவர் ஷம்றொக்கின் மேலாளரான மேயர். நச்சுப்புகைக்குள் போவதற்கு ஒட்சிசன் சுவாசக் கருவியைத் தமது சுரங்கத்திலேயே விருத்தி செய்து, அதில் ஆட்களைப் பழக்கி வைத்திருந்தவர் அவர். 1931இல் இயக்குநர் பாப்ஸ்ற் இதை அடிப்படையாக வைத்து 'தோழமை' என்ற பொருள்படும் பெயரில் திரைப்படம் எடுத்தார். எட்டு வருடங்களில் அதே இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று கொன்று குவிக்கத் தொடங்கின என்பதும் வரலாறுதான்.

றட்பொட், 1908

ஹம் நகரம் எம்மவருக்குத் தெரிந்த ஊர். 2002இல் அங்கே காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பினோம். தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும். பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டும் கண்ணாடி யானை நிற்கும் பூங்காவும் ஒரு சுரங்க வளவுதான். யானையாக மாறியது கரி கழுவிய பழைய கட்டிடம். அதே நகரத்தின் மறுபுறம், பொக்கும்-ஹோவல் பகுதியில், றட்பொட் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கே 1908ம் ஆண்டு நவம்பர் 12ந் திகதி அதிகாலையில் நடந்த வெடிப்பில் ஏறத்தாழ 350 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க வேறு வழி இல்லையென்று, பெரும்பாலான உடல்கள் உள்ளேயே கிடக்கச் சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டார்கள். பிறகு அந்தத் தண்ணீரை இறைத்து, உடல்களை எடுத்து முடிக்க வருடங்கள் ஆயின. ஹோவல் சுடலையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. தேருக்குப் போகும் எம்மவர் ஒருமுறை அங்கேயும் போய்வரலாம்.

றட்பொட்டுக்கு மூன்று வருடம் முந்தி, 1905இல், ரூர் முழுவதும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அதன் பலனாகச் சுரங்கங்களில் தொழிலாளர் குழுக்கள் கட்டாயமாக்கப்பட்டன. றட்பொட்டின் பின், 1909இல், பிரஷியச் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு 'பாதுகாப்பு ஆட்கள்' என்ற பதவி வந்தது. தொழிலாளர் தம்மில் ஒருவரைத் தெரிவு செய்யலாம், அவர் சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்து எழுதலாம். ரிக்குக்கு இருந்த உரிமை போன்றதுதான், அதைவிட அதிகமில்லை. ஆனாலும் காற்றையும் கூரையையும் பற்றிப் பேசப் பொறியியலாளருக்கு மட்டுமல்ல, அதன் கீழ் நிற்பவனுக்கும் உரிமையுண்டு என்று சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டபின் அதைத் திருப்பி எடுப்பது சுலபமல்ல.

இது நேர்கோட்டில் முன்னேறிய கதை அல்ல. நாசிகளின் காலத்தில் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. யுத்தத்தின்போது சோவியத் கைதிகளையும் பிடித்துவரப்பட்ட பிற நாட்டவரையும் ரூர்ச் சுரங்கங்களில் இறக்கினார்கள். பாதுகாப்பு என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தவில்லை. 1946ம் ஆண்டு பெப்ரவரி 20ந் திகதி பேர்க்காமனில் கிரிம்பேர்க் சுரங்கத்தில் 405 பேர் இறந்தார்கள். ஜேர்மனியின் ஆகப்பெரிய சுரங்க விபத்து அதுதான். 1951இல்தான் நிலக்கரி, உருக்குக் கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் தொழிலாளருக்குச் சமபங்கு என்ற சட்டம் வந்தது. 1950களின் நடுப்பகுதியில் ரூர்ச் சுரங்கங்களில் ஐந்து இலட்சத்துக்குக் கிட்டிய தொழிலாளர் இருந்தனர். முதலில் கிழக்கிலிருந்து போலிஷ் பேசுபவர்கள், பிறகு 1955இன் ஒப்பந்தத்தால் இத்தாலியர், 1961இன் ஒப்பந்தத்தால் துருக்கியர், 1963இலிருந்து கொரியர் என்று வந்திறங்கினார்கள். எச்சரிக்கைப் பலகை எந்தப் பாஷையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் காற்றோட்டத்தைப் போன்ற ஒரு பாதுகாப்பு விடயம். பாஷை தெரியாமல் கொதியெண்ணெய்க்கும் வழுக்கும் தரைக்கும் நடுவில் முதல் நாள் வேலைக்கு நின்ற எவருக்கும் இது விளங்கும்.

38.5 சென்ரிமீற்றர்

1955இல் கெல்சன்கிர்ஷனின் டால்புஷ் சுரங்கத்தில் மூன்று பேர் அகப்பட்டார்கள். அவர்களிடம் ஒரு ஒடுங்கிய துளையைப் போடலாம், ஆனால் துளை வழியாக ஆளை எப்படி எடுப்பது? எபர்ஹார்ட் அவ் என்ற பொறியியலாளர் இரும்புத் தகட்டில், குண்டு வடிவத்தில், 38.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கூட்டைச் செய்வித்தார். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தினால் ஒரு ஆள் அதற்குள் நிற்கலாம். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அவ் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1963இல் லெங்கட என்ற இரும்புச் சுரங்கத்துக்குள் மேலே இருந்த சேற்றுக் குளம் உடைத்துப் பாய்ந்தபோது, இரண்டு கிழமைகளின் பின் 11 பேரை இதே முறையில் மேலே எடுத்தார்கள். அந்த விபத்தில் 29 பேர் இறந்தார்கள். 2010இல் சிலியின் சான் ஹொசே சுரங்கத்தில் 69 நாட்கள் அகப்பட்டிருந்த 33 பேரை ஒருவர் ஒருவராக மேலே கொண்டுவந்த கூடும் டால்புஷ் கூட்டின் வழிவந்ததுதான். உலகம் முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியது.

அதே சான் ஹொசேயில், விபத்தின் பின் அகப்பட்டவர்கள் காற்றுக் குழாய்க் குழியின் வழியே ஏறித் தப்ப முயன்றார்கள். அங்கே இருக்கவேண்டிய ஏணி முழுமையாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை. பூட்டியிருந்தால் அந்த 69 நாட்களும், அந்தக் கூடும், அந்தக் கைதட்டலும் தேவைப்பட்டிருக்காது. ஏணியைப் பூட்டுகிற வேலையை யாரும் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை.

துருக்கியின் சோமாவில் 2014ம் ஆண்டு மே 13ந் திகதி சுரங்கத்தினுள் மூண்ட தீயில் 301 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது காபனோரொட்சைட்டு. சோமாச் சுரங்கங்களின் விபத்துகளை ஆராயவேண்டும் என்று எதிர்க்கட்சி கொண்டுவந்த பிரேரணையை அதற்கு இரண்டு கிழமை முந்தித்தான் பாராளுமன்றம் நிராகரித்திருந்தது. எங்களோடு குசினியில் வேலை செய்த துருக்கி நண்பர் ஒருவரின் தகப்பனார் ரூரில் சுரங்கத்தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று இரவு அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா இங்கே இறங்கியதால் வீட்டுக்கு வந்தார், அங்கே இறங்கியிருந்தால்?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்தத் தகப்பனார் இறங்கிய சுரங்கத்தில் ஏன் திரும்பி வர முடிந்தது என்பதற்கு மேலே எழுதியதுதான் பதில். 1905, 1909, 1951 என்ற வருடங்கள் அதற்குள் இருக்கின்றன.

1995இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 176ம் இலக்கச் சமவாயத்தில் ஒரு உரிமையை எழுதியது. பாரதூரமான ஆபத்து இருக்கிறது என்று கருத நியாயமான காரணம் இருந்தால், சுரங்கத் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். ரிக் கேட்டதும் இதைத்தான். எழுத்தில் வர 89 வருடங்கள் சென்றன.

முடியாத இறைப்பு

இப்போது ஆரம்பத்தில் சொன்ன வேலைக்கு வருவோம். கரியை எடுத்த இடத்தில் வெறுமை இருக்கிறது. அதன்மேல் நிலம் மெல்ல மெல்ல இறங்கியது. ரூரில் சில இடங்களில் 20 மீற்றருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. வீடுகள், தண்டவாளங்கள், ஆறுகள் எல்லாம் அதோடு இறங்கின. எம்ஷர் ஆற்றுக்கு ஓடச் சரிவில்லாமற் போயிற்று. நிலத்தின் கீழ் கழிவுக் குழாய் போட்டால் உடைந்துவிடும் என்பதால் ஆற்றையே திறந்த சாக்கடையாக்கினார்கள். 1899இல் அதைப் பராமரிக்க ஒரு கூட்டுச் சங்கம் அமைத்தார்கள். 1901இல் கெல்சன்கிர்ஷனில் நெருப்புக்காய்ச்சல் பரவிற்று. சுரங்கங்கள் வடக்கே போய் நிலம் அசைவது ஓய்ந்தபின், 1992இலிருந்து நிலத்தின் கீழ்ப் பெருங்குழாய் அமைக்கும் வேலை தொடங்கியது. 2021இன் முடிவில்தான் அந்த ஆறு கழிவிலிருந்து விடுபட்டது.

ஆறு திருந்தியது. ஆனால் இறங்கிய நிலம் திரும்ப எழும்பாது. மேலே மழைநீரை இறைத்து ஆறுகளில் ஏற்றாவிட்டால் மக்கள் வாழும் பெரும்பகுதி ஏரியாகிவிடும். கீழே, கைவிட்ட சுரங்கங்களில் உப்புத்தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அது குடிநீர் இருக்கும் அடுக்கை எட்டவிடாமல், பொக்குமின் றொபேர்ட் மியூசர், பேர்க்காமனின் ஹவுஸ் ஆடன் போன்ற பழைய சுரங்கக் குழிகளை இறைப்பு நிலையங்களாக வைத்திருக்கிறார்கள். இந்த வேலைகளுக்கு டொச் மொழியில் அவர்கள் வைத்த பெயர் 'நித்தியக் கடமைகள்'. சமயச் சொல்லைப்போல ஒலித்தாலும் இது கணக்குப் புத்தகச் சொல். 2007இல் சுரங்கங்களை 2018உடன் மூடுவதென்று முடிவெடுத்தபோது, கம்பனி, மத்திய அரசு, மாநில அரசுகள், தொழிற்சங்கம் எல்லாம் ஒரே மேசையில் இருந்தன. அதே வருடம் ஒரு நிதியம் அமைத்து, அதன் முதலீட்டு வருமானத்திலிருந்து வருடந்தோறும் இருநூறு மில்லியன் யூரோவுக்கு மேல் இந்தக் கடமைகளுக்குச் செலவிடுவதென்று எழுதி வைத்தார்கள். இரக்கத்தால் எழுதப்பட்டதல்ல அது. நூறு வருடமாக மேசையில் இடம் கேட்டவர்கள் அப்போது மேசையில் இருந்தார்கள்.

நாங்கள் தூங்கும் அறைகளின் கீழே அந்த வெறுமை இருக்கிறது. நாங்கள் கோப்பை கழுவி ஊற்றும் தண்ணீரும் யாரோ ஒருவர் காவல் இருக்கும் இறைப்பு மிசின் வழியாகப் போகிறது. அகதிக்கு இந்த மண்ணில் என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மண்ணே இறைத்து இறைத்துத்தான் மண்ணாக நிற்கிறது. அந்தக் குழிகளில் இறங்கியவர்களில் பலர் எங்களைப்போல வெளியிலிருந்து வந்தவர்கள்.

எமது ஊரிலும் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காக வலிகாமம் வடக்கின் சுண்ணக்கல்லை நாற்பது வருடம் வெட்டினார்கள். 1990இல் யுத்தம் தொழிற்சாலையை நிறுத்தியது, சனத்தையும் துரத்தியது. வெட்டிய கிடங்குகள் அப்படியே கிடக்கின்றன. அந்தச் சுண்ணக்கல்தான் யாழ்ப்பாணத்தின் தண்ணீர்த் தொட்டி. மழைத் தண்ணீர் அதன் துளைகளில் இறங்கி, கீழேயுள்ள உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அப்பு துலா மிதித்து இறைத்தது அந்தப் படையைத்தான். கல்லைத் தோண்டி எடுத்தால் தொட்டியைத் தோண்டுகிறோம் என்று பொருள். காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டு, சனம் திரும்பிப் போய்ப் பற்றைகளை வெட்டுகிறது. அந்தக் கிடங்குகளை யார் பார்ப்பது, யாருடைய காசில், எத்தனை வருடத்துக்கு என்று எந்த மேசையில் எழுதப்பட்டிருக்கிறது?

ரூரில் இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை இருக்கிறது. கூரியேரிலும் றட்பொட்டிலும் செத்தவர்களுக்காகக் கேட்கத் தொடங்கி, நிறுத்தாமல் கேட்டதால் கிடைத்த விடை. எமது கிடங்குகளுக்காக நாங்கள் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை. ஊர்ச்சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு சேர்க்கும் கூட்டங்களில் இதையும் ஒரு விடயமாக எடுத்தால், தொடங்குவதற்கு அது போதும்.